அம்மனின் இடது காது

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் கோயிலில் இருந்த எல்லாமே அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெயரையும் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்ற எண்ணம்தான். தெருவில் எல்லோரும் ‘சொல்தா வீட்டக்கா’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்று சொல்வது வழக்கம். அக்காவின் கணவர் அப்படிப்பட்டவர். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதி கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். அவர் இறந்த பிறகு, பிரான்சில் இருக்கும் மகளிடம் போகாமல் அக்கா இங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் தங்கினார் என்பதைவிடக் கோயிலில் தங்கினார் என்பதே சரி.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் அம்மன் கோயில். கிழக்கே வாய்க்காலைத் தாண்டி, பிரெஞ்சுக்காரர் தெருக்களின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுத்து முடித்த பயணிகள், பேருந்துக்கு நேரம் மிச்சம் இருந்தால் இங்கே வருவார்கள். கோபுரம் சிறியது. உள்ளே இருக்கும் சிலை மிகப் பழையது. எவ்வளவு பழையது என்பதைச் சொல்லத் தகுந்த ஆள் தெருவில் நான் ஒருவன்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாதம், கிழமை தெரியாத செய்தியை என் மனம் உள்ளே விடாது. நூலகத்தில் கல்வெட்டு பற்றிய புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தவன். கோயில் வாசற்படியாகக் கிடந்த கருங்கல்லில் எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கல்லைக் கழுவி, சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துப் படித்தேன். கல் பாதிதான் இருக்கிறது. ‘...க்கு விளக்கு ஒன்று’ என்று முடிகிறது. கொடுத்தவர் பெயர் உடைந்த பாதியோடு போய்விட்டது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தால் சோழர் காலத்தின் கடைசிப் பகுதியாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. யாரோ ஒருவர் இந்த அம்மனுக்கு ஒரு விளக்கு வைத்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

அன்று மாலை அதை மண்டபத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். எல்லோரும் “அப்பிடியா?” என்றார்கள். தர்மகர்த்தா, “அப்ப அந்தப் படிய மாத்திட்டு டைல்ஸ் போட்டுறலாமாண்ணே?” என்று கேட்டார்.

அதே மாலை, அதே மண்டபத்தில், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவர்கள் சிலர், பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்டு சிங்கத்தின் வால் ஏன் உடைந்திருக்கிறது என்று அக்காவிடம் கேட்டார்கள். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ராத்திரில எறங்கி வாய்க்கால்ல தண்ணி குடிக்கப் போவும். ஒரு நாளு விடிஞ்சிபோச்சி. பூசாரி கதவத் தொறக்கறதுக்குள்ள அவசரமா உள்ள வந்துதா, கதவுல மாட்டிக்கிச்சி. வுவாலா!” என்று, ‘அவ்வளவுதான்’ என்பதுபோலக் கையை விரித்தார்.

மாணவர்கள் சிங்கத்தைப் பல கோணத்தில் படம் எடுத்தார்கள். ஒரு பெண் அதன் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தாள். ஆடித் திருவிழாவுக்கு ஜெனரேட்டரை உள்ளே தள்ளும்போது இடித்து உடைந்த வால் அது. தள்ளியவர்களில் தர்மகர்த்தாவும் ஒருவர். அவரும் கதையைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டுதான் நின்றார்.

‘தெரியாது’ என்ற சொல்லை அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். சூலம் ஏன் சாய்ந்திருக்கிறது, வேப்பமரத்தில் ஒரு கிளை மட்டும் ஏன் பட்டுப்போயிற்று, அம்மன் மூக்குத்தி ஏன் வலப்பக்கம் என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். நான் ஒரு வாரம் படித்துச் சேர்த்த உண்மையைச் சொன்னால் மலராத முகங்கள் அவை.

மண்டபத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. தெற்கு வரிசையின் முதல் தூணில் வலது தோளைச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டி உட்காருவார். பிரான்சில் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைச் சித்திரை வெயிலிலும் புடவைமேல் போட்டிருப்பார். கதை கேட்க வருகிறவர்கள் அவருடைய இடப்பக்கம் வரிசையாக உட்காருவார்கள். அந்த வரிசையில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அதே தூணின் மறுபக்கத்தில், முதுகைச் சாய்த்து உட்காருவேன். அவர் கதை சொல்லி முடித்ததும் தூணைத் தாண்டித் தலையை நீட்டி, மற்றவர்கள் முன் அவருக்குக் குறைவு வந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, உண்மை என்ன என்பதைச் சொல்வேன்.

“அக்கா, அது ஜெனரேட்டர் இடிச்சது. போன ஆடி ரெண்டாம் வெள்ளி. ஒங்களுக்கே தெரியும்.”

அவர் என் பக்கம் திரும்பி, முழுப் பல்லும் தெரியச் சிரித்து, பிரெஞ்சில் ஆமாம் போடுவார். “வுய், வுய். நீங்க சொன்னா சரிதான் மெசியே.” பிறகு அடுத்த கூட்டத்துக்கு அதே சிங்கம் அதே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும்.

இது வருடக்கணக்கில் நடந்தது. அந்தச் சிரிப்பை நினைத்து வீட்டில் எத்தனை முறை சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்! மறுத்துப் பேசினால் சான்று காட்டலாம். சண்டைக்கு வந்தால் நானும் சண்டை போடலாம். ஒத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, துளியும் மாறாத மனுஷியை என்ன செய்வது? ஒருமுறை என் பக்கமாக வந்து நின்ற ஒருவர், “அம்மா, செருப்ப எங்க விடறது?” என்று கேட்டார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்து, “அதுவா, சூலத்த நட்டது ஒரு கடல்கார ஆளு” என்று தொடங்கிவிட்டார். செருப்புக்காரர் திகைத்து நிற்க, மண்டபமே சிரித்தது. எவ்வளவு திமிர் இருந்தால் கேட்ட கேள்வியைக்கூடக் காதில் வாங்காமல் கதை சொல்வார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சன்னல் கதைக்கு வருகிறேன்.

அம்மன் கிழக்குப் பார்த்து இருக்கிறாள். கருவறைக்கு முன்னால் இருக்கும் சிறு மண்டபத்தின் வடக்குச் சுவரில் கம்பி போட்ட ஒரு சன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் அம்மன் முகம் தெரியாது. பக்கவாட்டில் இடது காதும், அதில் தொங்கும் தோடும், கொஞ்சம் மாலையும்தான் தெரியும். அந்தச் சன்னலைத் திறந்தபோது நான் கல்லூரியில் சேர்ந்த புதிது. கற்பூரப் புகையில் பழைய பூசாரிக்கு மூச்சு முட்டி ஒருநாள் மயங்கி விழுந்தார். அதனால் அப்போதைய தர்மகர்த்தா கொத்தனாரை வைத்துச் சுவரை உடைத்தார். செங்கல் தூள் என் சட்டையில் படிந்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அந்தச் சன்னலின் வயது என் மீசையின் வயது. இதற்குமேல் ஒரு சான்று வேண்டுமா?

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. வரிசை தெருவைத் தாண்டி வளைந்து போயிருந்தது. தவளக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் கூடையும் கையில் எலுமிச்சை விளக்கும் வைத்துக்கொண்டு வரிசையின் நடுவில் அழுதுகொண்டிருந்தாள். பேருந்தைப் பிடித்துப் போய் மாட்டைக் கறக்க வேண்டும், சாமியைப் பார்க்காமலே திரும்ப வேண்டும்போல இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் புலம்பினாள். தூணில் சாய்ந்திருந்த அக்கா எழுந்தார். முட்டி வலியில் முனகிக்கொண்டே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துப்போய் வடக்குச் சன்னலில் நிறுத்தினார். நானும் பின்னால் போனேன்.

“இங்க நின்னு சொல்லும்மா.”

“மொகமே தெர்லியேக்கா.”

“மொகம் எதுக்கு? காது தெரியுதுல்ல? இந்தக் காதுதான் அதுக்குக் கேக்கும். முன்னால நின்னு கத்தறவங்களுக்கெல்லாம் பாதிதான் கேக்கும்.”

“அந்தக் காது?”

“அது பீரங்கில போயிடுச்சி.” அவ்வளவு சாதாரணமாக, மளிகைக் கடையில் பருப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார். “இங்கிலீஷ்காரன் கடலூர்ப் பக்கத்துலேர்ந்து வந்தான். பிரெஞ்சுக்காரனோட சண்ட. தெக்கால நின்னுக்கினு சுட்டான். ஊரே ஓடிப்போச்சி, இது மட்டும் ஒக்காந்துக்கினு இருந்துச்சி. எங்க போவும்? வலது காதுப் பக்கமா குண்டு வெடிச்சி, காது போச்சி. அன்னியிலேர்ந்து இந்தப் பக்கம்தான். நீ சொல்லு, மெதுவா சொன்னா போதும்.”

அந்தப் பெண் கம்பியில் முகத்தை வைத்து என்னவோ சொன்னாள். அழுகை நின்றிருந்தது. விளக்கைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

நான் அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மன் கிழக்குப் பார்த்தவள், ஆகவே வலது காது தெற்கே. கடலூர் தெற்கே. ஆங்கிலேயர் படை கடலூர்ப் பக்கமிருந்து வந்து ஊரை முற்றுகையிட்டது சரித்திரம். பொய்தான். ஆனால் திசை ஒன்றுகூடத் தவறவில்லை. பிழை திருத்துபவன் கண்ணுக்கு ஒரு பிழைகூட அகப்படாத பொய்யைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அடுத்த ஆடியில் அந்தப் பெண் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தாள். வேண்டியது நடந்துவிட்டதாம். என்ன வேண்டினாள் என்று யாருக்கும் தெரியாது. நேராகச் சன்னலுக்குத்தான் போனார்கள். அதற்கடுத்த ஆடியில் சன்னலுக்குத் தனி வரிசை வந்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்து கார்களில் வந்தார்கள். சன்னல் கட்டை எண்ணெய் பிசுக்கேறிக் கறுத்தது. ‘காதுச் சன்னல்’ என்ற பெயர் எப்போது வந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. எனக்கு அது பெரிய அவமானம்.

பிறகு சந்தனக்காப்பிலும் அது நுழைந்தது. ஆடிக் கடைசி வெள்ளியில் சிலை முழுவதையும் சந்தனத்தால் மூடிக் கண்ணும் வாயும் எழுதுவது வழக்கம். ஒரு வருடம் பார்க்கிறேன், இடது காது மட்டும் மூடப்படாமல் கறுப்பாகத் தெரிகிறது. பூசாரி தம்பி பட்டயப்படிப்பு முடித்தவன், விவரமானவன். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இன்னா தம்பி, காத வுட்டுட்டியே?”

“அத எப்பிடிண்ணே மூடறது? ஜனம் வந்து சொல்லுது. காத அடச்சிட்டா எப்பிடிக் கேக்கும்?”

“ஒங்கப்பா மூடுவாரு. நான் பாத்திருக்கேன்.”

“அப்பாக்குத் தெரியாம இருந்திருக்கும்ணே.”

அப்பாவுக்குத் தெரியாது! அவருக்கு மூச்சு முட்டியதால் வந்த சன்னல் அது. நான் வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லிக் கொதித்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒங்களுக்கு ஏங்க இத்தினி வயித்தெரிச்சலு? யாரு சொன்னா என்னா, அம்மன் கேக்குதில்ல?”

“கேக்குதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு நான் சன்னல்லதான் சொன்னேன். அதுக்கு முன்ன எத்தினி வருஷம் முன்னால நின்னு கும்புட்டேன்? ஒங்ககிட்டயுந்தான் மாப்பிள்ள பாருங்கன்னு சொன்னேன். நீங்க கல்லுல எழுத்துப் பாத்துக்கினு இருந்தீங்க.”

என் வீட்டுக்குள்ளேயே அக்கா வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது. மனைவி என்னைக் கேலி செய்ததுகூடப் பெரிதில்லை. அவளுக்கு ஒரு கவலை வந்தபோது அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடத்தை அக்கா செய்து கொடுத்திருக்கிறார். நான் செய்து கொடுத்தது ஒரு ‘விளக்கு ஒன்று’.

கும்பாபிஷேகம் முடிவானபோதுதான் என் காலம் வந்தது என்று நினைத்தேன். கோயில் வரலாற்றைக் கருங்கல் பலகையில் செதுக்கி உள்ளே பதிப்பது என்று குழுவில் பேசினார்கள். எழுதித் தரும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் எழுத்தில் பிழை பார்த்தவனுக்கு, கல்லில் நிற்கப்போகும் சொந்த எழுத்து! கார்த்திகை மாதம் முழுக்க எழுதி எழுதிச் சுருக்கினேன். சோழர் காலத்து விளக்கு, மண்டபம் கட்டிய வகை, கற்பூரப் புகைக்காக வடக்குச் சன்னல் திறந்தது என எல்லாம் உள்ளபடி இருந்தது.

தர்மகர்த்தா, பெரிய கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

“அண்ணே, பீரங்கியக் காணோமே?”

“பீரங்கி நடக்கலப்பா.”

“நடக்கலன்னா? அதுக்குத்தானே ஜனம் வர்து.”

“சன்னல் தொறந்தப்ப நான் கூட இருந்தேன். நீ அப்ப பொறக்கல.”

“இருக்கட்டும்ணே. பொகைக்குத் தொறந்த சன்னல்னு கல்லுல போட்டா, நாளைக்கு யாரு அங்க வந்து நிப்பா? மோட்டார் ஃபேனு மாட்டியிருக்கலாமேம்பான்.”

கல்லில் அக்காவின் கதையா, என் வரலாறா என்பதே கேள்வி. வாரக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தர்மகர்த்தா அக்காவிடமே போய் அவர் இடப்பக்கம் உட்கார்ந்து, “நீயே சொல்லுக்கா, இன்னா போடலாம்?” என்று கேட்டார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“மெசியே படிச்சவரு. அவரு எழுதறதப் போடு. கல்லுல நிக்கணும்னா அவரு எழுத்துதான் நிக்கும். நான் சொல்றதெல்லாம் காத்துல போறதுதானே?”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். தோற்றவர் விட்டுக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஜெயித்தவர் விட்டுக்கொடுத்தால் அதை எப்படி வாங்குவது? “நன்றி அக்கா” என்றேன். “வுய், வுய்” என்றார்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா இறந்துபோனார். காலைத் திருப்பாவை ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டு வேலைக்காரப் பெண் வந்து சொன்னாள். பிரான்சிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். குட்டை முடி, கறுப்புக் கோட்டு, ஆனால் பேச்சு மட்டும் தெருவை விட்டுப் போகாத பேச்சு. காரியத்தன்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் போனேன்.

“ஒங்கம்மாவும் நானும் கோயில்ல ரொம்ப வருஷம் ஒண்ணா ஒக்காந்திருந்தோம்மா. அவங்க கத சொல்லுவாங்க. நான் அதுல தப்பு எதுனா இருந்தா அப்பப்ப சொல்லுவேன். கோவப்படவே மாட்டாங்க. சிரிப்பாங்க.”

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். “எந்தப் பக்கம் ஒக்காருவீங்க அங்கிள்?”

“தூணுக்கு இந்தப் பக்கம். அவங்களுக்கு வலப்பக்கம்.”

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். துக்க வீடு என்று நினைவு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அப்ப நீங்க சொன்னது எதுவும் கேட்டிருக்காது அங்கிள். அம்மாக்கு வலது காது சுத்தமா கேக்காது. சின்ன வயசுலயே சீழ் வெச்சிப் போயிடுச்சி. யாருகிட்டயும் சொல்ல வுடமாட்டாங்க, வெக்கம். அங்க பிரான்சுல இருந்தப்ப, கடையில யாரு அந்தப் பக்கம் பேசினாலும் சிரிச்சிட்டு வுய், வுய்ன்னுடுவாங்க. எங்கப்பாவே கல்யாணம் ஆயி ரொம்ப நாளு கழிச்சித்தான் கண்டுபிடிச்சாரு.”

தெருவில் இறங்கி நடந்தேன். எந்தத் தெருவில் நடந்தேன் என்று நினைவில்லை. இத்தனை வருடம் நான் சொன்ன கிழமைகள், சோழர் காலம், ஜெனரேட்டர், கற்பூரப் புகை எல்லாம் ஒரு தூணுக்குச் சொன்னதுபோலப் போயிருக்கின்றன. அவர் என்னை அலட்சியப்படுத்தவில்லை. அதை நினைத்து ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. அழும் பெண் ஒருத்தியைத் தேற்ற, யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த தன் காதை எடுத்து அம்மனுக்குக் கொடுத்திருக்கிறார். அம்மனும் வாங்கிக்கொண்டாள். சந்தனக்காப்பன்று இடது காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே! நானும் இந்த அம்மனுக்கு என்னிடம் இருந்ததைத்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனாலும் எனக்குப் பொய் எழுத வராது. உண்மையாகவே ஒரு வரி சேர்த்தேன். ‘இவ்வடக்குச் சாளரத்தில் நின்று அம்மனிடம் வேண்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் இத்தெருவில் வாழ்ந்த ஓர் அம்மையார்’ என்று எழுதி, அதில் அவர் பெயரையும் போட்டேன். அதை எழுதும்போது, இந்த ஒன்றையாவது அவருக்கு நான் கொடுத்தேன் என்றிருக்கட்டும் என்று தோன்றியது.

தர்மகர்த்தா படித்துவிட்டு அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“இது வேணாம்ணே.”

“ஏன்? அக்காவுக்கு மரியாத இல்லியா?”

“அக்கா தொடங்கினாங்கன்னு போட்டா, அப்ப பீரங்கி? எல்லாம் நேத்து வந்ததுன்னு ஆயிடும்ல? இது பழைய வழக்கம்ணே.”

“எவ்ளோ பழசுன்னு எனக்குத் தெரியாதா?”

“ஒங்களுக்குத் தெரியும்ணே. அதாண்ணே பிரச்சன.”

வரி போனது. புகைக்காகச் சன்னல் திறந்த வரியும் அதோடு போனது. பீரங்கியும் கல்லில் ஏறவில்லை. விளக்கும் மண்டபமும் மட்டும் கல்லில் நின்றன. அக்கா செய்த கதையில் அக்காவுக்கே இடமில்லாத அளவுக்கு அது பழையதாகிவிட்டது. ஒரு மனுஷி தன் ஆயுளுக்குள் ஒன்றைத் தொடங்கி, தன் ஆயுளுக்குள்ளேயே அதை முன்னோர் காலத்ததாக்கிவிட்டுப் போயிருக்கிறார். பழமையைத் தேடி ஆயுள் முழுக்கப் படித்த என்னால் ஒரு நாள் பழமையைக்கூட உண்டாக்க முடியவில்லை.

தை மாதக் கடைசியில் கும்பாபிஷேகம் நடந்தது. மறுநாள் கூட்டம் குறைந்திருக்கும் என்று மனைவியோடு போனேன். வடக்குச் சன்னலுக்கு மேல் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தார்கள். சிவப்பில் பீரங்கி, மஞ்சளில் அம்மன், கீழே மூன்று வரியில் கதை. அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, கம்பியில் முகத்தை வைக்கத்தான் வரிசையில் நின்றார்கள்.

“ஒங்க கல்லு எங்கங்க?” என்றாள் மனைவி.

வடக்குச் சுவரில் இடமில்லாததால் எதிர்ச்சுவரில் பதித்திருந்தார்கள். அழகான செதுக்கல். சன்னல் வரிசையில் நின்று களைத்தவர்கள் அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவரின் தோளுக்கு மேல் ‘விளக்கு ஒன்று’ மட்டும் தெரிந்தது. மனைவி அதைப் பார்த்தாள், கருவறையைப் பார்த்தாள், மறுபடி கல்லைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“இன்னா?”

“தெக்குப் பக்கமா வெச்சாங்க? ஐயோ, அது கேக்காத காதாச்சேங்க!”

சிரித்துக்கொண்டே பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சன்னல் வரிசையில் போய் நின்றாள்.

நான் என் தூணுக்கு வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மறுபக்கத்தில், அக்காவின் இடத்தில், கல்லூரிப் பெண் ஒருத்தி வெளியூர்த் தோழிகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பீரங்கி வெடித்தது, காது போனது. பிறகு நான் கேள்விப்படாத ஒன்று வந்தது.

“அப்பறம் யாருக்கும் எந்தக் காதுன்னே தெரியலடி. ரொம்பக் காலத்துக்கு முன்ன ஒரு பிரெஞ்சுக்காரம்மா இங்க வந்தாங்களாம். அவங்க கனவுல அம்மன் வந்து, இந்தப் பக்கம் நின்னு பேசுன்னு சொல்லிச்சாம். அவங்கதான் மொதல்ல அந்தச் சன்னல்ல நின்னது.”

கல்லில் நான் ஏற்றப் பார்த்த வரி. பெயர் இல்லாமல், பதக்கம் குத்திய கணவர் இல்லாமல், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை இல்லாமல், யாருடைய தயவும் இல்லாமல் அக்கா தாமாகவே கதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

தூணைத் தாண்டித் தலையை நீட்டினேன். “பிரெஞ்சுக்காரம்மா இல்லம்மா. எங்க தெரு அக்கா. போன மார்கழி வரைக்கும் நீ ஒக்காந்திருக்கிற எடத்துலதான் ஒக்காந்திருந்தாங்க” என்றேன். பழக்கத்தில் குரல் தாழ்ந்துதான் வந்தது.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள். “ஆமாங்கய்யா” என்று தலையாட்டிவிட்டு, தோழிகள் பக்கம் திரும்பிக் கதையைத் தொடர்ந்தாள்.